சுருள்பாசிக்குச் சோதனைக் குழாய் தரும் மதிப்பெண்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே உள்ள பொம்மையார்பாளையத்தை ஒட்டிய ஆரோவில் பகுதியில் பல ஆண்டுகளாகச் சுருள்பாசி வளர்க்கப்படுகிறது. தொட்டியில் வளரும் பாசியை வடிகட்டிக் காயவைத்துப் பொடியாகவும் மாத்திரையாகவும் விற்கிறார்கள். ஸ்பைருலினா என்று கடைகளில் கிடைப்பது இதுதான். நல்ல புரதமும் பீட்டா கரோட்டினும் உள்ள உணவு. ஆனால் ஸ்பைருலினா விளம்பரங்கள் பொதுவாக முன்னிறுத்துவது இவற்றை அல்ல, ‘ஆன்டிஆக்ஸிடன்ட் திறன்’ என்ற ஆய்வக எண்ணை. அந்த எண் பாசியைப் பற்றிச் சொல்வதைவிட, அதை அளந்த முறையைப் பற்றியே அதிகம் சொல்கிறது என்பது என் வாதம்.

நம் கல்லூரி ஆய்வகங்களில் மிகுதியாகக் கையாளப்படும் முறை டி.பி.பி.எச். 1958-ல் மார்ஸ்டன் பிளாய்ஸ் இதை அறிமுகம் செய்தார். டி.பி.பி.எச். என்ற வேதிப்பொருளின் மூலக்கூறில் ஓர் எலெக்ட்ரான் இணையில்லாமல் நிற்கும். அதனால்தான் அதன் கரைசல் அடர் ஊதாவாகத் தெரிகிறது. உணவின் சாறு அந்தக் குறையை நிரப்பினால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதை 517 நானோமீட்டர் ஒளியில் கருவி படிக்கும். செலவு குறைவு, அரை மணி நேரத்தில் விடை. சிக்கல் என்னவென்றால், டி.பி.பி.எச். தண்ணீரில் சரியாகக் கரையாது. மெத்தனால் போன்ற ஆல்கஹால் வேண்டும். சுருள்பாசிக்கு நீலம் தரும் ஃபைகோசயனினோ ஒரு புரதம்; தண்ணீரில் கரையும், ஆல்கஹாலில் திரண்டு படிந்துவிடும். ஆக, மெத்தனாலில் எடுத்த சாற்றை அளந்தால் பாசியின் பேர்பெற்ற பொருளே கணக்கில் வராது. தண்ணீரில் எடுத்தால் கரோட்டின் வராது. ஒரே பொடிக்கு இரண்டு எண்கள், இரண்டும் பிழையில்லாத அளவீடுகள்! 1996-ல் பென்சியும் ஸ்ட்ரெய்னும் வகுத்த ஃப்ராப் முறை இரும்பு அயனியை ஒடுக்கும் திறனை நீல நிறத்தால் அளக்கிறது. அங்கே சாற்றின் சொந்த நிறத்தைத் தனியே அளந்து கழிக்காவிட்டால் அந்த நிறமும் திறன் என்றே பதிவாகும்.

உடலுக்கு நெருக்கமான முறை இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஓராக் முறையில் 37 டிகிரி வெப்பத்தில், உடலிலும் உருவாகும் வகையைச் சேர்ந்த பெராக்ஸில் துகள்களை எதிர்த்து உணவுச்சாறு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்கிறார்கள். அமெரிக்க வேளாண்மைத் துறை நூற்றுக்கணக்கான உணவுகளின் ஓராக் மதிப்புகளைப் பட்டியலிட்டே வெளியிட்டது. அதில் முன்வரிசையில் நின்றது கிராம்பு. மதிப்பு 100 கிராமுக்கு. கிராம்பை 100 கிராம் தின்பவர் யார்? 2012-ல் அந்தத் துறையே பட்டியலை விலக்கிக்கொண்டது. விற்பனையாளர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், குழாயில் கண்டதை உடலுக்குப் பொருத்த முடியாது என்பவை அது சொன்ன காரணங்கள்.

உடலில் அளந்த சான்றும் நம்மிடம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் சென்னை முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையம் புதுக்கோட்டை வட்டாரச் சிறுவர்களுக்கு நாளொன்றுக்கு 1 கிராம் சுருள்பாசி கொடுத்தது. வைட்டமின் ஏ குறைவால் கண்ணின் வெள்ளைப்பகுதியில் தோன்றும் திட்டுகள் குறைந்தன. உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுவது பாசியின் பீட்டா கரோட்டின்தான். அதே பீட்டா கரோட்டினை ஃபின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களை வைத்து நடந்த ஆய்வில் நாளுக்கு 20 மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, அதை உட்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. குறைபாடுள்ள குழந்தைக்கு மருந்தானது, புகைபிடிப்பவருக்குத் தீங்கானது. சோதனைக் குழாய்க்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

அப்படியானால் இந்தச் சோதனைகளை மூட்டை கட்டிவிடலாமா? கூடாது. ஃபைகோசயனின் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் சிதையக்கூடியது. நிழலில் காய்ந்த பாசிக்கும் சூட்டில் காய்ந்த பாசிக்கும், புதிய பொடிக்கும் ஆறு மாதம் அடைத்து வைத்த பொடிக்கும் உள்ள வேறுபாட்டை, ஒரே முறையில் ஒரே கரைப்பானில் அளந்தால் இந்தச் சோதனைகள் மலிவாகக் காட்டிக்கொடுக்கும். வளர்ப்பவருக்கு அது பெரிய உதவி. வாங்குபவருக்கு வேண்டியது வேறு: ஒரு கிராமில் புரதம் எவ்வளவு, பீட்டா கரோட்டின் எவ்வளவு, ஃபைகோசயனின் எவ்வளவு, எந்த மாதம் காயவைத்தது. இவை நான்கும் டப்பாவில் அச்சாக வேண்டும். திறன் எண்ணையும் போடுவதானால், எந்த முறையில், எந்தக் கரைப்பானில் அளந்தது என்பதையும் பக்கத்திலேயே போடட்டும்.