மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் பழஞ்சின்னங்கள்

அமெரிக்கா புதிய நாடு; வானளாவிய மாடங்களையும் பெருந்தொழிற்சாலைகளையும் தவிர அங்கே காண்பதற்கு என்ன உண்டு என்று நம்மிற் பலர் எண்ணுவதுண்டு. அந்நாட்டின் வடகிழக்கு மூலையிலே, அத்திலாந்திக் சமுத்திரக் கரையில் அமைந்துள்ள மசச்சூசெற்ஸ் மாநிலத்தைப் பற்றி அறிந்தவர்கள் அவ்வாறு கூறமாட்டார்கள். இலங்கையின் பரப்பிற் பாதிக்கும் குறைந்த அச்சிறு மாநிலத்தில் ஊருக்கு ஊர் பழஞ்சின்னங்கள் உள்ளன. ஆயிரம் ஆண்டுக் கோயில்களைப் பற்றிப் பேசிப் பழகிய நமக்கு முந்நூறு ஆண்டுக் கட்டடம் ஒரு பழமையோ என்று தோன்றலாம். எனினும், அவை எவ்வாறு காக்கப்பட்டன என்ற வரலாறு நாம் அறியவேண்டியதொன்றாகும். ஏனெனில், அவற்றுட் பல தாமாக நிலைத்து நின்றவையல்ல.

மாநிலத்தின் தலைநகர் பொஸ்ரன். சுதந்திரப் பிரகடனத்தில் முதலிற் கையொப்பமிட்ட ஜோன் ஹான்கொக் என்பவர் வாழ்ந்த கல்மாளிகை அந்நகரின் மேட்டுப்புறத்தில் இருந்தது. அதனைக் காக்கவேண்டுமெனச் சிலர் குரல் எழுப்பினர், பயன் இல்லை. 1863ஆம் ஆண்டில் அது இடிக்கப்பட்டது. இடித்தபின்னரே நகரத்தார் தாம் இழந்தது யாதென உணர்ந்தனர்.

அவ்விழப்பின் நினைவு ஆறுமுன்னரே வேறொரு சோதனை வந்தது. 1729ஆம் ஆண்டிற் செங்கல்லாற் கட்டப்பெற்ற பழைய தெற்குச் சபை மண்டபம் நகரின் நடுவே நிற்கின்றது. பிரித்தானிய அரசு விதித்த தேயிலை வரியை எதிர்த்து 1773 டிசம்பர் 16ஆந் திகதி ஏறக்குறைய ஐயாயிரம் மக்கள் கூடியது இம்மண்டபத்திலேதான். அன்றிரவே சிலர் துறைமுகத்துக்குச் சென்று, கப்பல்களில் ஏறி, 342 தேயிலைப் பெட்டிகளைக் கடலிற் கொட்டினர். பின்னர் நகரைப் பிடித்திருந்த பிரித்தானியப் படையினர், மண்டபத்தின் ஆசனங்களைப் பெயர்த்தெறிந்து, அதனைக் குதிரையேற்றம் பழகும் இடமாக்கினர். 1872ஆம் ஆண்டு நகரின் பெரும்பகுதியைச் சாம்பராக்கிய தீயிலிருந்தும் அது தப்பியது.

தீயிற் பிழைத்த மண்டபம் ஏலத்தில் அழிய இருந்தது. சபையார் புதிய ஆலயத்துக்குச் சென்றுவிட்டமையால், 1876ஆம் ஆண்டில் நிலத்தை விடுத்துக் கட்டடத்தை மாத்திரம் 1,350 டொலருக்கு விற்றனர். வாங்கியவருக்கு வேண்டியது கல்லும் மரமுமே. இடிக்கும் வேலையும் தொடங்கிவிட்டது! அவ்வேளையில் நகர மக்கள் சில நாள் தவணை பெற்றுக் கூட்டங்கூட்டினர். பேச்சாளர்கள் அந்த மண்டபத்திலேயே நின்று முழங்கினர். ஆயினும் காரியத்தை முடித்தவர்கள் பெண்களே. இருபது பெண்மணிகள் சேர்ந்து கட்டடத்தை 3,500 டொலருக்கு மீட்டனர். நிலம் கிடையாதுபோயின் அதனைக் கழற்றி வேறிடத்திலாவது கட்டுவோம் என்பது அவர்கள் துணிவு. நிலத்துக்கோ 4 இலட்சம் டொலர் தேவைப்பட்டது. மேரி ஹெமன்வே என்னும் செல்வச் சீமாட்டி தனியொருவராக ஓர் இலட்சம் டொலர் வழங்கினார். கட்டடத்தைக் காத்ததோடு அவர் அமையவில்லை. இளைஞர்களுக்கு அம்மண்டபத்திலேயே சரித்திர விரிவுரைகள் நடைபெறவும் உதவினார். பூட்டிவைத்த பழமையால் எவருக்குப் பயன்?

அண்மையிலே 1713ஆம் ஆண்டைச் சேர்ந்த பழைய அரசாங்க மாளிகை உண்டு. அதன் மேன்மாடத்திலிருந்தே 1776ஆம் ஆண்டு பொஸ்ரன் மக்களுக்குச் சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. பிற்காலத்தில் அது கடைகளும் கந்தோர்களும் நிறைந்து சீரழிந்து கிடந்தபோது, சிக்காகோ நகரத்தார் அதனைப் பெயர்த்துத் தம்மூருக்குக் கொண்டுசெல்ல முன்வந்தனர் என்பர். மானம் உறுத்தவே, 1881ஆம் ஆண்டிற் பொஸ்ரன் மக்கள் ஒரு சங்கம் அமைத்து அதனைக் காத்தனர். இன்று அதன் கீழே நிலத்தடிப் புகையிரத நிலையம் இயங்குகின்றது. இவ்விடங்களை எல்லாம் இணைத்து இரண்டரை மைல் தூரத்துக்குத் தெருவிலே சிவப்புக் கோடு இட்டிருக்கிறார்கள். 1951ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகையாளர் கூறிய யோசனை அது. புதிதாக வருபவன் அக்கோட்டைப் பின்பற்றி நடந்தாற் போதும்.

தெற்கே பிளிமத் என்னும் ஊரின் கடற்கரையில் 1620 என்று பொறித்த ஒரு பாறைத்துண்டு உண்டு. இங்கிலாந்திலிருந்து வந்த முதற் குடியேறிகள் கால்வைத்த கல் என்று போற்றப்படுகின்றது. ஆனால், அவர்கள் வந்து 121 ஆண்டுகள் கழிந்தபின்னரே ஒரு முதியவர் அதனைச் சுட்டிக்காட்டினார் என்பதையும் சொல்லவேண்டும். அதன் அருகிலுள்ள குன்றில், 1970ஆம் ஆண்டு முதல், அம்மண்ணின் பூர்வ குடிகள் நன்றி நவிலும் திருநாளைத் துக்கதினமாகக் கொண்டாடி வருகின்றனர். ஒரே கடற்கரையில் இருவேறு நினைவுகள்!

பெருமையைக் காப்பது எளிது. தன் ஊரின் பழியைக் காப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். பொஸ்ரனுக்கு வடக்கே பதினைந்து மைல் தூரத்தில் சேலம் என்ற ஊர் உண்டு. (நம்மவர் அறிந்த தமிழ்நாட்டுச் சேலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.) 1692ஆம் ஆண்டில், சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டி, அங்கே பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டனர், முதியவர் ஒருவரைக் கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றனர். விசாரித்த நீதவான்களுள் ஒருவருடைய வீடு இன்றும் நிற்கின்றது. கொலையுண்டவர்களுக்கு நினைவிடம் எழுந்தது 1992ஆம் ஆண்டிலேதான். சுற்றுமதிலில் ஆளுக்கொரு கல் ஆசனம். அதில் பெயர், இறந்த நாள், இறந்த விதம். வாயிற்படியிலே, தாம் குற்றமற்றவரென அவர்கள் முறையிட்ட சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வாசகங்கள் நடுவிலேயே மதிலுக்கடியில் மறைந்துவிடுகின்றன. கேளாத செவிகளை இதனிலும் நன்றாகக் காட்ட ஒரு சிற்பியால் இயலுமோ?

மாணவர்கள் அறியவேண்டிய செய்தியொன்றும் இதனோடு உண்டு. தண்டனை விதிக்கப்பட்டுத் தூக்குக்குத் தப்பிய எலிசபெத் ஜோன்சன் என்ற இளம்பெண்ணின் பெயர், பிற்காலத்தில் நிறைவேறிய பழிநீக்கச் சட்டங்களிற் சேராமல் விடுபட்டுப்போயிற்று. அவளுக்காகப் பேசச் சந்ததி இல்லை. அவள் ஊர்ப்பக்கத்துப் பாடசாலையொன்றின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் இதனைத் தம் ஆசிரியையோடு ஆராய்ந்து, சட்டசபைக்கு எழுதி, விடாது முயன்றனர். 2022ஆம் ஆண்டில், ஏறக்குறைய 330 ஆண்டுகளின் பின், அவளுடைய பழி சட்டப்படி நீங்கியது.

பொஸ்ரனுக்கு வடமேற்கே கொன்கோட் என்னும் ஊரில், 1775 ஏப்ரில் 19ஆந் திகதி பிரித்தானியப் படையை உழவர்கள் எதிர்த்து நின்ற வடபாலம் உண்டு. இப்போதுள்ளது பிற்காலத்தில் அம்மாதிரியே கட்டியது. அவ்வூருக்குப் புறத்தே வால்டன் குளம். 1845ஆம் ஆண்டில் தோரோ என்னும் அறிஞர் 28 டொலர் சில்லறைச் செலவிற் பத்தடிக்குப் பதினைந்தடிக் குடிலொன்று கட்டி, இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேலாக அங்கே வாழ்ந்தார். பகவத்கீதையை அவர் விரும்பிப் படித்ததும், அநீதியான அரசுக்கு வரி கொடுக்க மறுத்து ஓர் இரவு சிறையிருந்ததும், அதுபற்றி அவர் எழுதிய கட்டுரையைக் காந்தியடிகள் தென்னாபிரிக்காவிற் படித்ததும் பலரும் அறிந்தவை. குடில் அழிந்துவிட்டது. இருந்த இடந்தானும் மறந்துபோய், 1945ஆம் ஆண்டிற் புகைபோக்கியின் அத்திவாரத்தைத் தோண்டிக் கண்டனர். இப்போது அங்கே சில கருங்கற் கம்பங்களும், வருவோர் இட்டுச்சென்ற கற்குவியலும் மாத்திரமே உள.

மாநிலத்தின் மேற்றிசையில் யாழ்ப்பாணத்தோடு தொடர்புடைய இரண்டு இடங்கள் உள்ளன. வில்லியம்ஸ்ரவுண் என்னும் ஊரில் ஒரு சலவைக்கல் தூண் உண்டு. 1806ஆம் ஆண்டில் இடிமழைக்கு அஞ்சி வைக்கோற்போரின் மறைவில் ஒதுங்கிய ஐந்து கல்லூரி மாணவர் தூரதேச ஊழியத்துக்கு உறுதிபூண்ட இடம் அது. அவ்வைவருள் ஒருவரான ஜேம்ஸ் ரிச்சட்ஸ் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, 1822ஆம் ஆண்டில் இங்கேயே உயிர்நீத்தார். மதமாற்றம் என்னும் அவர்கள் நோக்கம் சைவராகிய நமக்கு உடன்பாடன்று. அவர்கள் அமைத்த வட்டுக்கோட்டைக் கல்விச்சாலை தமிழுக்குச் செய்ததை நாம் மறுக்கவும் முடியாது.

மற்றையது வூஸ்ரர் நகரத்துப் பசுங்குன்றம். மானிப்பாயிலே தமிழில் மேனாட்டு மருத்துவம் கற்பித்து, இரண வைத்தியம் முதலிய நூல்களை ஆக்கிய டாக்டர் சாமுவேல் கிறீன் 1822ஆம் ஆண்டிற் பிறந்த இடம் அது. குடும்பத்தார் அந்நிலத்தை 1905ஆம் ஆண்டில் நகரத்துக்கு வழங்கினர். இன்று அது பொதுப்பூங்கா. மாளிகையோ இடிக்கப்பட்டுவிட்டது. 1884ஆம் ஆண்டில் அந்நகரிலேயே காலமான அவர், தமக்குக் கல்லறை எழுப்புவதாயின், தமிழருக்கு மருத்துவ ஊழியம் புரிந்தவன் என்று அதிற் பொறிக்குமாறு முன்னரே எழுதிவைத்திருந்தார்.