பாலாற்று மழைக்கு யார் சாட்சி?

2021 நவம்பர் 18 இரவு வேலூர் மாவட்டத்தில் கொட்டிய மழை, மறுநாள் பேரணாம்பட்டில் ஒரு வீட்டைச் சரித்து 9 பேரின் உயிரைப் பறித்தது. பாலாற்றில் 1903-க்குப் பிறகு இப்படியொரு வெள்ளம் வந்ததில்லை என்று கரையோரங்களில் பேசிக்கொண்டார்கள். அன்றிரவு ஊருக்குள் பெய்த மழைக்குக் கணக்கு இருக்கிறது. ஜவ்வாது மலைச் சரிவிலும் ஆந்திர எல்லைக் குன்றுகளிலும் பெய்ததற்கு? அங்கே மழைமானிகள் அரிது. மீதியை வானத்திலிருந்துதான் ஊகிக்க வேண்டும்.

உலகம் முழுக்க அந்த ஊகம் நடக்கிறது. 2014 பிப்ரவரியில் ஜப்பானிலிருந்து ஏவிய, மழையை அளக்கும் ஜி.பி.எம். செயற்கைக்கோளும் அதன் கூட்டாளிச் செயற்கைக்கோள்களும் தரும் தகவலைக் கோத்து, 'ஐமெர்க்' என்ற கணக்கு அரை மணி நேர மழையைத் தருகிறது. அகச்சிவப்புக் கருவி பார்ப்பது மேக உச்சியின் குளிர்ச்சியை, மழையை அல்ல. நுண்ணலைக் கருவி மேகத்துக்குள் இருக்கும் துளிகளையும் பனித்துகள்களையும் உணரும், ஆனால் செயற்கைக்கோள் தலைக்கு மேல் வரும்போது மட்டும். மலையில் மோதித் தாழ்வான மேகம் கொட்டும் மழை இரண்டுக்குமே தப்பிவிடுவதுண்டு. ஐமெர்க்கின் ஒரு கட்டம் சுமார் 11 கி.மீ.க்கு 11 கி.மீ. வேலூரின் பாகாயத்துத் தெருக்கள், ஓட்டேரி ஏரி, பக்கத்துக் குன்றுகள் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்தான்.

இந்த எண்ணைத் திருத்துவது தரையில் நிற்கும் மழைமானி. முதல் கணக்கு சுமார் 4 மணி நேரத்தில் கிடைக்கும். மழைமானி அளவுகளோடு ஒப்பிட்டுச் சரிசெய்த இறுதிக் கணக்குக்கு 3 மாதங்களுக்கு மேல் ஆகும். கடலில் மானிகள் மிக அரிது, அங்கே செயற்கைக்கோள்தான் கதி என்பது உண்மை. ஆனால் பாலாறு கடலில் ஓடவில்லையே!

உலகத்து மழைமானிகளின் வாயை எல்லாம் சேர்த்து வைத்தால் பாதிக் கால்பந்து மைதானத்தைக்கூட நிரப்பாது என்று 2017-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவ்வளவு சிறிய பரப்பை நம்பித்தான் அத்தனை செயற்கைக்கோள்களும் திருத்தப்படுகின்றன.

மானி எளிய பொருள். 200 சதுர செ.மீ. வாயுள்ள புனலில் 20 மி.லி. தண்ணீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. காலை 8.30-க்கு அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்துக் குறிக்க வேண்டும். பக்கத்தில் வேப்பமரம் கிளைவிட்டாலோ புதுச் சுவர் எழும்பினாலோ காற்றின் போக்கு மாறி அளவு பிசகும். பிசகிய அளவு ஐமெர்க்கையும் பிசகவைக்கும்.

பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஊர்களில் மழை அளவு ஆராய்ச்சியாளர்களின் கவலை மட்டுமல்ல. மழை பெய்தால் இரவோடு இரவாகக் கழிவுநீரை ஆற்றில் விடுகிறார்கள் என்ற புகார் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பல ஆண்டுகளாக உண்டு. காலையில் ஆற்றில் நுரை பொங்குகிறது. மேல்கரையில் எத்தனை மணிக்கு, எத்தனை மி.மீ. பெய்தது என்று தெரிந்தால்தான் வந்த நீரில் மழை எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று கணக்குப் போட முடியும். தினம் ஒரு முறை குறிக்கும் குவளை இதற்குப் போதாது. மணிக்கணக்கில் பதியும் தானியங்கி மானிகள் ஜவ்வாதுச் சரிவிலும் பேரணாம்பட்டுக் காட்டோரத்திலும் வேண்டும். அவற்றின் புனலில் அடைக்கும் இலையை அகற்ற உள்ளூரில் ஒருவருக்குச் சம்பளமும் வேண்டும்.