இடி விழுந்தா லேப்டாப் போகலாம்... ஃபோட்டோ போகக் கூடாது!

ஏற்காடு மலையில் நாகலூர் போன்ற கிராமங்களுக்குக் கோடை இடி மழை புதுசு இல்லை. பக்கத்தில் இடி விழுந்தால், மின்கம்பி வழியாக எகிறும் வோல்டேஜ் லேப்டாப்போடு, அதில் செருகியிருக்கும் ஹார்டு டிஸ்க்கையும் காலி செய்துவிடலாம். பேக்கப் எடுத்தும் பலன் இல்லை!

என்ன வழி? புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்திய '3-2-1' விதிதான். மொத்தம் 3 காப்பி, 2 வகை சாதனங்களில், அதில் 1 வேறு இடத்தில்.

மலையில் நெட் ஸ்லோவா? ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்து, பாஸ்வேர்டு போட்டு, சேலத்தில் சொந்தக்காரங்க வீட்டில் வைக்கலாம். கிளவுடில் 'சிங்க்' ஆவதை மட்டும் நம்பாதீங்க. இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும்.

மாதம் ஒருமுறை அந்த காப்பியில் ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து பாருங்க. திறந்தால்தான் அது பேக்கப்!