கோரைக் கிழங்கைத் தேடி

திருச்சி தில்லை நகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு பாத்தி உண்டு. கத்தரி, வெண்டை, நாலு மிளகாய்ச் செடி, அவ்வளவுதான். வீடு கட்டியபோது பள்ளத்தை மேடாக்க நாலு லோடு மண் அடித்தோம். ஆற்றோரத்து வயலில் வெட்டிய மண் என்று லாரிக்காரர் சொன்னார். நல்ல மண்தான். முதல் மழைக்கே அதிலிருந்து கோரை கிளம்பியது. அதை எடுக்கும் வேலையை ஆறு வருஷம் தப்பாகவே செய்தேன்.

பிடுங்கினேன், அதுதான் தப்பு. மழை விட்டு மண் இளகியிருக்கும்போது இலைகளைச் சேர்த்துப் பிடித்து இழுத்தால் கோரை கையோடு வரும். அடியில் வெள்ளையாக ஒரு நுனி தெரியும். வேரோடு வந்துவிட்டது என்று மனசு ஆறும். சில நாளில் அதே இடத்தில் மறுபடி பச்சை ஊசி. ஜீயபுரத்திலிருந்து வேலைக்கு வந்த அக்கா ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "முடியப் புடிச்சு இழுத்தா ஆளு வந்துருமாங்கய்யா? கிழங்கு கீழ கெடக்குதுங்க" என்றார். களைக்கொட்டை வாங்கி அரை அடி கொத்தி, ஒரு கட்டியை உடைத்துக் காட்டினார்.

கட்டிக்குள் கறுப்புக் கம்பி மாதிரி ஒரு இழை, அதில் சுண்டைக்காய் அளவில் கிழங்குகள் மணி கோத்ததுபோல இருந்தன. மேலே பழுப்பு நார், நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை. மூக்கருகே கொண்டுபோனால் குளியல் பொடி வாசனை. நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று நிறுத்துக் கொடுப்பது இதைத்தான்.

கோரை திரும்ப வரும் விதம் தெரிந்தால்தான் எடுக்கும் விதம் பிடிபடும். ஒவ்வொரு கிழங்கிலும் பல முளைக்கண்கள் உண்டு. நுனிக்கண் முதலில் விழித்து மற்றவற்றை அடக்கி வைத்திருக்கும். கோத்த சரத்திலும் இதே கதைதான்: நுனிக் கிழங்கு உயிரோடு ஒட்டியிருக்கும் வரை பின்னால் உள்ளவற்றில் பல தூங்கும். மண்ணில் சூடும் ஈரமும் சேர்ந்தால் முளை ஊசியாக மேலே ஏறும். வெளிச்சத்தை நெருங்கும்போது அந்தத் தண்டு பருத்து ஒரு குமிழாகும். இலைகள் அந்தக் குமிழிலிருந்துதான் கிளம்புகின்றன. நான் பிடுங்கியபோது அறுந்ததெல்லாம் இந்தக் குமிழின் கழுத்தில்தான்.

இலை வந்த பிறகு சில வாரம் அது கிழங்கின் சேமிப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கும். அப்புறம் கணக்கு மாறுகிறது. கரும்பும் சோளமும் போல, சுள்ளென்ற வெயிலில் வேகமாக உணவு தயாரிக்கிற செடி இது. மிஞ்சியதைக் கீழே அனுப்பும். குமிழிலிருந்து வெள்ளைத் தண்டுகள் பக்கவாட்டில் ஓடும். ஒன்றின் நுனி மேலே திரும்பிப் புதுச் செடியாகும், இன்னொன்றின் நுனி பருத்துப் புதுக் கிழங்காகும். அந்தக் கிழங்கிலிருந்து மறுபடி தண்டு, மறுபடி கிழங்கு. இந்தச் சரத்தை மண்வெட்டி நாலு துண்டாக்கினால் அடக்கி வைத்திருந்த பிடி விட்டுப்போய், தூங்கிய கிழங்கெல்லாம் விழித்துக்கொள்ளும். கொத்திவிட்டால் கோரை கூடுகிறது என்று வயலில் சொல்வார்களே, காரணம் இதுதான். அரைகுறையாகக் கொத்துவது விதைப்பதற்குச் சமம். 1977-இல் உலகக் களைகளைப் பற்றி ஹோல்ம் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் எழுதிய நூல் கோரையைத்தான் முதல் இடத்தில் வைத்தது. 92 நாடுகளில், 52 பயிர்களில் களை என்று கணக்குச் சொன்னது. பெரும்பாலான இடங்களில் விதையால் பரவியதல்ல, கிழங்கால் பரவியது.

எடுக்க வேண்டிய காலம் கத்திரி வெயில். மே முதல் வாரத்துக்கு முன்பே பாத்திக்குத் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். கிழங்குகளில் பெரும்பகுதி மேல் அரை அடிக்குள் இருக்கும் என்றாலும் முக்கால் அடிக்குக் கடப்பாரையால் பெயர்த்துக் கட்டி கட்டியாகப் புரட்டிப் போடுகிறேன். கிழங்கு வெயிலில் காய்வதும் உழவர்கள் கோடை உழவு ஓட்டுவதற்கு ஒரு காரணம். நாற்பது டிகிரியைத் தாண்டும் திருச்சி வெயில் கட்டிகளுக்குள் இறங்கும். ஒரு வாரம் கழித்து மறுபடி புரட்டி, கட்டியை உடைத்து, மணல் சலிக்கும் சல்லடையில் போட்டுச் சலிக்க வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் இதைத் தவிர்த்தவர் பாத்தி சுத்தமாகி நான் பார்த்ததில்லை. சேர்ந்த கிழங்கை மொட்டை மாடியில் பரப்பிக் காயவிடுவேன். ஒன்றை உடைத்துப் பார்த்தால் வெள்ளையாக ஈரம் இருக்கக் கூடாது. பழுப்பாகச் சுருங்கியிருக்க வேண்டும். எருக்குழியில் மட்டும் போடவே கூடாது. அங்கே பிழைத்து, எருவோடு பாத்திக்கே திரும்பி வரும்.

அடுத்தது, தப்பியவற்றைப் பிடிப்பது. ஆடியில் பாத்தியை வேண்டுமென்றே நனைத்துக் காத்திருக்கிறேன். முளை தெரிந்த இடத்தில் குச்சி நட்டுத் தேதி எழுதுவேன். மூன்று வாரம் ஆவதற்குள், புதுக் கிழங்கு கட்டும் முன், பழைய திருப்புளியால் பக்கவாட்டில் குத்தி இழையைப் பின்தொடர்ந்து தாய்க்கிழங்கை எடுக்க வேண்டும். கிழங்கு அகப்படாவிட்டால் முளையையாவது வெட்டிவிட வேண்டும்; மறுபடி முளைக்கும்போது சேமிப்பு இன்னும் குறையும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று விடாமல் செய்தால்தான் கிழங்கு ஓய்ந்துபோகும். ஒரு மாதம் ஊருக்குப் போய்வந்தால் பாதி உழைப்பு வீண்.

நடுவில் கறுப்புப் பாலித்தீன் விரித்துப் பார்த்தேன். முளை அதைத் துளைத்துக்கொண்டு வந்தது. முள்ளங்கியையே ஊடுருவிப் போகும் முனைக்குத் தாள் எம்மாத்திரம்! கோரைக்கு ஆகாதது நிழல். ஸ்ரீரங்கத்துப் பக்க வாழைத்தோட்டங்களில் கன்று சிறிதாக இருக்கும் வரை கோரை படுத்தும் பாடு சொல்லி மாளாது, இலை கூடிவிட்டால் அடங்கிவிடும். அதைப் பார்த்துத்தான் நான் புரட்டாசியில் தட்டைப்பயற்றை நெருக்கமாக விதைத்தேன்.

அருகம்புல்லுக்கும் இதே மாதிரிப் பிடிவாதம். அது மேலேயும் கீழேயும் தண்டு ஓட்டும், ஒரு கணு மண்ணில் தங்கினால் போதும். அதையும் சலித்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் அருகை நான் முழுதாக எடுப்பதில்லை, பிள்ளையாருக்கு ஒரு மூலை விட்டிருக்கிறேன். கோரையிலும் எல்லா இனமும் வேண்டாதது அல்ல. முசிறிப் பக்கம் பாய்க்கோரையை ஒருமுறை நட்டுவிட்டுப் பல வருஷம் அறுக்கிறார்கள். அறுத்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும் அந்தக் குணம்தான் அங்கே பாய் நெய்கிறவர் வீட்டுச் சோறு.

சென்ற ஐப்பசி மழைக்குப் பிறகு பாத்தியில் பதினோரு குச்சிகள் நின்றன. அதற்கு முந்தைய வருஷம் எண்ண முடியவில்லை. எட்டின் கிழங்கைக் கார்த்திகைக்குள் எடுத்துவிட்டேன். சுவர் ஓரத்தில் மூன்று மட்டும் பாக்கி. அஸ்திவாரக் கல்லுக்கு அடியில் கிழங்கு, திருப்புளி எட்டவில்லை. அந்த முளைகளைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இலை முன்னைவிட மெலிசாக வருகிறது.