அவசர மருத்துவப் பணியாளரின் குளிர்காலச் சப்பாத்து: தெரிவும் உரிமையும்

துரொண்ட்ஹெய்ம் 63 பாகை வட அகலக்கோட்டில், நீண்ட கடல்நீரேரி ஒன்றின் கரையில் அமைந்த நகரம். கடல் அண்மையில் இருப்பதனால் இங்கு குளிர்கால வெப்பநிலை பூச்சியத்தைச் சுற்றியே அடிக்கடி ஏறி இறங்குகின்றது. காலையில் உறைந்திருந்த தரை நண்பகல் மழையில் நனைந்து, மாலையில் மீண்டும் கண்ணாடி போல் உறைகின்றது. டிசம்பர் பிற்பகுதியில் பகல் நேரம் நான்கரை மணித்தியாலமே என்பதனால், பணியின் பெரும்பகுதி இருளிலேயே நடைபெறுகின்றது. உள்நாட்டுப் பகுதிகளின் நிலை வேறு. இதே மாகாணத்தில் உள்ள றோறொஸில் 1914 ஜனவரியில் −50.4 பாகை பதிவாகியுள்ளது.

இத்தகைய தரையில், நோயாளியைத் தூக்குப்படுக்கையில் சுமந்தபடி பக்லாண்டெயின் கல் பதித்த ஒடுங்கிய தெருக்களிலும் பியூஒசனின் சரிவுகளிலும் இறங்குபவருக்கு ஒரு முறை கால் வழுக்கினால் இருவர் காயமடைகின்றனர். ஆகவே சப்பாத்து அவருடைய சீருடையின் ஓர் அங்கமாக மட்டுமன்றி, நோயாளியின் பாதுகாப்புக்கான கருவியாகவும் கருதப்பட வேண்டும். நோயாளர் காவுவண்டிப் பணியாளர், அத்துறையின் தொழிற்பயிலுநர், அவசர மருத்துவ நிலையமான லேகவக்தின் பணியாளர், வீட்டுப் பராமரிப்புச் சேவையில் இரவு அழைப்புகளுக்குச் செல்வோர் ஆகியோருக்காக இவ்விளக்கம் தரப்படுகின்றது.

சப்பாத்தை யார் வழங்க வேண்டும்?

நோர்வேயின் தொழிற்சூழல் சட்டம் 2005 ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்டு, 2006 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. வேறு வழிகளால் போதிய பாதுகாப்பை ஏற்படுத்த முடியாதவிடத்து, பொருத்தமான தனிநபர் பாதுகாப்பு உபகரணத்தைத் தொழில்தருநர் வழங்க வேண்டும் என அதன் 3-2 ஆம் பிரிவு கூறுகின்றது. அதற்கான செலவையும் தொழில்தருநரே ஏற்க வேண்டும். சப்பாத்தின் விலையைச் சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்வதற்கும் அவருக்குப் பொதுவான அதிகாரம் இல்லை. எவ்வெவ் வேளைகளில் சம்பளத்தில் கழிவு செய்யலாம் என்பதை அதே சட்டத்தின் 14-15 ஆம் பிரிவு வரையறுத்துள்ளது.

தொழிற்பயிலுநர் சட்டத்தின் பார்வையில் தொழிலாளரே. பாடசாலை அல்லது உயர்கல்வி நிறுவனத்திலிருந்து செய்முறைப் பயிற்சிக்கு வருவோரும் உடல்நலம், பாதுகாப்பு என்னும் விடயங்களில் தொழிலாளராகவே கொள்ளப்படுவர். முகவர் நிறுவனம் ஊடாகக் குறுகிய காலத்துக்கு வருவோரைப் பொறுத்தவரை, அவர்கள் பணிபுரியும் இடத்தை நடத்தும் நிறுவனமும் அவர்களது தொழிற்சூழலுக்குப் பொறுப்புடையது. எனவே "நீங்கள் நிரந்தரப் பணியாளர் அல்லர், சொந்தச் சப்பாத்தில் வாருங்கள்" என்னும் பதில் சட்டப்படி ஏற்கத்தக்கதன்று.

உரிமையுடன் கடமையும் சேர்ந்தே வருகின்றது. வழங்கப்பட்ட பாதுகாப்பு உபகரணத்தை அணிவது சட்டத்தின் 2-3 ஆம் பிரிவின்படி தொழிலாளரின் கடமை. வசதியாக இருக்கின்றது என்பதற்காகச் சாதாரண ஓட்டச் சப்பாத்துடன் பணிக்குச் செல்வது இக்கடமையை மீறுவதாகும்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நோயாளர் காவுவண்டிச் சேவையை அரசின் சுகாதார நிறுவனங்கள் நடத்துகின்றன. துரொண்ட்ஹெய்மில் அப்பொறுப்பு சென்ற் ஊலாவ்ஸ் மருத்துவமனைக்கு உரியது. லேகவக்தும் வீட்டுப் பராமரிப்பும் மாநகரசபையின் பொறுப்பில் உள்ளன. உங்கள் தொழில் ஒப்பந்தத்தில் தொழில்தருநராகக் குறிப்பிடப்பட்டிருப்பவரிடமே முதலில் கேட்க வேண்டும்.

சப்பாத்தில் உள்ள குறியீடுகளை வாசித்தல்

பாதுகாப்புச் சப்பாத்துகளின் நாக்குப் பகுதியிலோ உட்பக்கத்திலோ சீ.ஈ. முத்திரையும் ஒரு நியம இலக்கமும் காணப்படும். ஈ.என். ஐ.எஸ்.ஓ. 20345 என்பது விரல்களுக்கு மேல் கடினமான காப்புறை உள்ள சப்பாத்துக்குரியது. அக்காப்புறை 200 ஜூல் மோதலையும் 15 கிலோநியூட்டன் அழுத்தத்தையும் தாங்க வேண்டும். ஈ.என். ஐ.எஸ்.ஓ. 20347 என்பது விரற்காப்பு இல்லாத தொழிற்சப்பாத்துக்குரியது. தூக்குப்படுக்கையின் சக்கரமும் பாரமான ஒட்சிசன் கொள்கலனும் காலில் விழக்கூடிய பணிக்கு எது தேவை என்பதைத் தொழில்தருநர் தமது இடர் மதிப்பீட்டில் தீர்மானிக்க வேண்டும்.

குளிர்காலத்துக்கு முக்கியமான சில குறியீடுகள் வருமாறு:

சீ.ஐ.: குளிர் காப்பு. −17 பாகைக் குளிரில் 30 நிமிடம் வைக்கப்பட்ட பின்னரும் சப்பாத்தின் உட்பக்க வெப்பநிலை 10 பாகைக்கு மேல் குறையவில்லை என்பதை இது காட்டும். இரவு முழுவதும் வெளியில் நிற்கலாம் என்பதற்கு இது உத்தரவாதமன்று.

டபிள்யூ.ஆர்.: முழுச் சப்பாத்தும் நீர் உட்புகாதவாறு சோதிக்கப்பட்டது. மேற்தோல் மட்டும் நீரைத் தடுக்கும் சப்பாத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. உருகும் பனிச்சேற்றில் நிற்பவருக்கு இக்குறியீடு அவசியம்.

எஸ்3: விரற்காப்பு, நிலைமின் தடுப்பு, குதிகாலில் அதிர்ச்சி உறிஞ்சல், மேற்தோலில் நீர்த்தடுப்பு, துளைபடாத இடைத்தட்டு, பள்ளங்கள் கொண்ட அடித்தட்டு ஆகிய அனைத்தும் உடையது. 2022 ஆம் ஆண்டின் நியமத்தில், எஸ்3 உடன் முழு நீர்த்தடுப்பும் சேர்ந்தால் அது எஸ்7 எனப்படும்.

துளைபடாத இடைத்தட்டு உருக்கினாலோ நெய்பொருளினாலோ செய்யப்படும். நெய்பொருள் குளிரைக் குறைவாகவே கடத்தும், பாரமும் குறைவு. ஆனால் சோதனை ஆணி கொண்டே செய்யப்படுகின்றது. ஊசிமருந்து ஏற்றும் மெல்லிய ஊசிக்கு எதிரான காப்பு இதில் அடங்காது. அவ்வாறே விரற்காப்பையும் உருக்கில் அன்றிக் கூட்டுப்பொருளில் தெரிவு செய்தால் விரல்கள் குளிர்வது குறையும்.

அதிக தடிப்பு அதிக வெப்பமா?

அவசர மருத்துவப் பணியின் இயல்பே சப்பாத்துத் தெரிவைக் கடினமாக்குகின்றது. பணியாளர் பாரமான பையுடன் நான்காம் மாடிக்கு விரைந்து ஏறுகிறார். 22 பாகை வெப்பமுள்ள அறையில் அரைமணி நேரம் முழந்தாளிட்டு இருக்கிறார். அடுத்த அழைப்பில் வீதி விபத்துக்குச் சென்று, பனியில் அசையாது நிற்கிறார். முதல் இரண்டு வேளைகளிலும் பாதம் வியர்க்கின்றது, மூன்றாவதில் அந்த வியர்வையே பாதத்தைக் குளிரச் செய்கின்றது. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். வெளியே நின்றபடியே பணிபுரிவோருக்கென மிகத் தடிப்பாகச் செய்யப்பட்ட சப்பாத்து, இக்காரணத்தால் மருத்துவப் பணியாளருக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை.

நடுத்தரமான குளிர் காப்பு, வியர்வை ஆவியை வெளியேற்றும் நீர்த்தடுப்புப் படலம், கழற்றி உலர்த்தக்கூடிய உள்தட்டு, கம்பளிக் காலுறை ஆகிய நான்கும் சேர்ந்ததே பயனுள்ள தெரிவு. கம்பளி ஈரத்தை உறிஞ்சிய பின்னரும் வெப்பத்தைத் தக்கவைக்கும். பருத்திக் காலுறை நனைந்தவுடன் அத்தன்மையை இழந்துவிடும். மாற்றுக் காலுறை ஒரு சோடி எப்போதும் வண்டியில் இருப்பது நன்று. தடிப்பான அடித்தட்டு இன்னொரு சிக்கலையும் தரும். அவசர ஓட்டத்தின்போது சாரதியின் பாதம் மிதிப்பலகையை உணர வேண்டும். ஆதலால் வாகனம் செலுத்துவோர் சப்பாத்தை வண்டியில் அமர்ந்தும் பரிசோதிக்க வேண்டும்.

வழுக்கலும் பனிமுட்களும்

சப்பாத்தின் வழுக்கல் சோதனை சவர்க்கார நீரோ கிளிசரினோ பூசிய தரையில் செய்யப்படுகின்றது. பனிக்கட்டியின் மீது அது செய்யப்படுவதில்லை. எனவே சப்பாத்தில் உள்ள வழுக்கல் குறியீடு மருத்துவமனைத் தரைக்குப் பொருந்துமேயன்றி, உறைந்த நடைபாதைக்குப் பொருந்தாது. பனிக்கட்டி மிக வழுக்கலாக இருப்பது கடுங்குளிரில் அன்று. பூச்சியத்துக்கு அண்மையில், அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும்போதே அது மிக ஆபத்தானது. துரொண்ட்ஹெய்மின் குளிர்காலம் பெரும்பாலும் இத்தகையதே.

குளிரில் இறுகாத மென்மையான இறப்பர் அடித்தட்டு ஓரளவு பிடிப்பைத் தரும். ஈரமான பனிக்கட்டியின் மேல் அதுவும் போதாது. அங்கு 'புறொடர்' எனப்படும் பனிமுட்களே துணை. அவை சப்பாத்தின் மேல் மாட்டும் வகையிலும், அடித்தட்டிலேயே மடித்து வைக்கக்கூடிய வகையிலும் கிடைக்கின்றன. வாகனத்துக்குக் குளிர்காலச் சக்கரம் பூட்டுவதைப் போன்றதே இது. வீட்டினுள், மருத்துவமனையின் ஓட்டுத் தரையில், வண்டியின் உலோகப் படியில் பனிமுட்கள் தாமே வழுக்கும் என்பதால் அவ்விடங்களில் அவற்றைக் கழற்றவோ மடிக்கவோ வேண்டும். ஆகையால் கையுறையுடன், இருளில், சில விநாடிகளில் மாட்டவும் கழற்றவும் இயலுமா என்பதே அவற்றைத் தெரிவு செய்வதற்கான முதல் அளவுகோல்.

அளவு பார்த்தல்

பாதம் நாளின் முடிவில் சற்று வீங்கியிருக்கும். எனவே மாலையில், குளிர்காலக் காலுறை அணிந்து அளவு பார்க்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி தேவை. படியில் இறங்கும்போது விரல் முன்புறம் முட்டக்கூடாது, ஏறும்போது குதிகால் மேலெழக்கூடாது. இறுக்கமான சப்பாத்து இரத்த ஓட்டத்தையும் வெப்பம் காக்கும் காற்றுப் படையையும் ஒருங்கே குறைக்கும். காலுறையை இரட்டிப்பாக்கி இறுக்கத்தைக் கூட்டுவது இதனால் பயனற்றது.

பாதுகாப்பு உபகரணம் அதை அணிபவருக்குப் பொருந்த வேண்டும் என்பது சட்டத்தின் தேவை. சிறிய பாதமுடைய பெண்களுக்கும், அகலமான முன்பாதம் உடையோருக்கும் "இருப்பில் உள்ள அளவு இதுவே" என்னும் பதில் போதாது. உரிய அளவைத் தருவிக்குமாறு கேட்கலாம். பக்கத்தில் இழுவைப் பூட்டு உள்ள சப்பாத்து இரவு அழைப்புக்கு விரைவாக அணிய உதவும். ஆயினும் நீர் உட்புகக்கூடிய இடமும் அதுவே என்பதால், பூட்டின் பின்னால் நீர்த்தடுப்பு மடிப்பு உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

பராமரிப்பு

இரத்தமும் வாந்தியும் படக்கூடிய சப்பாத்து, துடைத்துக் கிருமிநீக்கம் செய்யக்கூடிய மேற்பரப்பு உடையதாக இருத்தல் வேண்டும். அவ்வாறான சப்பாத்தை வீட்டுக்குக் கொண்டு சென்று கழுவாமல், பணியிடத்திலேயே தூய்மைப்படுத்த வேண்டும். வீதியில் இடப்படும் உப்பு தோலை வரட்டி வெடிக்கச் செய்யும். அதை வெதுவெதுப்பான நீரில் துடைத்து, உள்தட்டைக் கழற்றி, அறை வெப்பத்தில் உலர்த்த வேண்டும். மின்வெப்பக் கருவியின் மேல் வைத்தால் ஒட்டுப்பசை விடும், படலமும் கெடும். இரண்டு சோடிகளை மாறிமாறி அணியும் ஏற்பாடு இருந்தால் ஒவ்வொன்றும் முழுமையாக உலர அவகாசம் கிடைக்கும்.

நீரிழிவு உள்ளோர் கவனத்துக்கு

தெற்காசிய வம்சாவளியினரிடையே நீரிழிவு நோய் மிகுதியாகக் காணப்படுகின்றது. நீண்ட கால நீரிழிவு பாத நரம்புகளைப் பாதித்தால், குளிரும் வலியும் உணரப்படாமற் போகலாம். சப்பாத்து கடிப்பதையும் விரல் உறைவதையும் அவர் அறியாதிருக்கக்கூடும். இத்தகையோர் ஒவ்வொரு பணிநேர முடிவிலும் பாதங்களைக் கண்ணால் பார்த்துப் பரிசோதிக்க வேண்டும். தமது நிலையைத் தொழில்சார் சுகாதார சேவைக்குத் தெரிவித்து ஆலோசனை பெறுவதும் நன்று.

கபிலநிறத் தோலில் உறைபனிப் பாதிப்பு வெண்மையாகத் தெரியாமல், சாம்பல் நிறமாகவோ மெழுகு போன்றோ தோன்றலாம். மரத்துப்போதலே முதல் அறிகுறி. அவ்விடத்தைத் தேய்க்கவோ பனியால் உரசவோ கூடாது. நனைந்த காலுறையை அகற்றி, உலர்ந்த சூழலில் பாதத்தை வெப்பப்படுத்த வேண்டும். உணர்வு திரும்பாவிடின் லேகவக்தை 116 117 இல் அழைக்கவும். உயிராபத்து எனின் 113.

சப்பாத்து பொருந்தாவிடின்

முதலில் நேரடி மேலாளரிடம் எழுத்தில் தெரிவிக்கவும். நிறுவனத்தில் குறைபாடுகளை அறிவிப்பதற்கான முறைமை இருப்பின் அதில் பதிவு செய்யவும். எழுத்தில் உள்ள அறிவித்தல் பின்னர் சான்றாகும். அடுத்து, 'வேர்ன ஊம்பூட்' எனப்படும் பாதுகாப்புப் பிரதிநிதியை அணுகலாம். இவர் ஊழியர்களால் தெரிவு செய்யப்படுபவர். உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து இருந்து, வேறு வழியில் அதை நீக்க முடியாதவிடத்து, வேலையை நிறுத்தும் அதிகாரமும் இவருக்கு உண்டு. தீர்வு கிட்டாவிடின் அரசின் தொழிற்சூழல் மேற்பார்வை நிறுவனமான ஆர்பைட்ஸ்தில்சூனெக்கு அறிவிக்கலாம். குறைபாட்டை முறைப்படி அறிவித்தவரைப் பழிவாங்குவதைச் சட்டம் தடை செய்கின்றது.

பணியின்போது வழுக்கி விழுந்து காயமடைந்தால், அது சிறிதாகத் தோன்றினாலும் அன்றே மேலாளருக்கு அறிவித்து, மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்விக்க வேண்டும். தொழிற்காயத்தை நாவ் நிறுவனத்துக்கு அறிவிப்பது தொழில்தருநரின் கடமை. பொதுவாக ஓராண்டுக்குள் அறிவிக்கப்படாவிடின் உரிமை இழக்கப்படலாம் என்பதால், அறிவித்தல் அனுப்பப்பட்டதா எனக் கேட்டு அதன் பிரதி ஒன்றைப் பெற்றுக்கொள்ளவும். தொழில்தருநர் அனுப்பாவிடின் காயமடைந்தவரே அறிவிக்கலாம். 1989 ஆம் ஆண்டின் சட்டப்படி ஒவ்வொரு தொழில்தருநரும் தொழிற்காயக் காப்புறுதி வைத்திருத்தல் வேண்டும். அக்காப்புறுதி நிறுவனத்திடம் கோருவது நாவுக்கு அறிவிப்பதினின்றும் வேறான ஒரு நடவடிக்கை. இரண்டையும் தனித்தனியே செய்ய வேண்டும்.

தன்னார்வ மீட்பு அமைப்புகளில் பணிபுரிவோருக்கு மேற்கூறிய விதிகள் அனைத்தும் அப்படியே பொருந்தாமல் இருக்கலாம். எந்த உபகரணம் வழங்கப்படும், எந்தக் காப்புறுதி உண்டு என்பதைக் குளிர்காலம் தொடங்குமுன் தமது அமைப்பிடம் கேட்டறிதல் வேண்டும்.