பைபைண்ட்11: அளவுருக்களுக்குப் பெயரிடுதல்

பைபைண்ட்11 என்பது, சி++ மொழியில் எழுதித் தொகுக்கப்பட்ட வகுப்புகளையும் செயற்கூறுகளையும் பைத்தான் நிரல்களில் பயன்படுத்த உதவும் திறமூல நிரலகம் ஆகும். டேவிட் ஆபிரகாம்ஸ் உருவாக்கிய பூஸ்ட்.பைத்தான் நிரலகத்தை ஒட்டி, வென்சல் யாக்கோப் இதனை 2015-இல் தொடங்கினார்.

சி++ மொழியில் உள்ளீடுகள் வரிசைப்படியே தரப்படுகின்றன. ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் தோலின் பரப்பைச் சதுர அடியிலும் தடிமனை மில்லிமீட்டரிலும் அளப்பர். இவ்விரண்டையும் இதே வரிசையில் ஏற்கும் ‘தோல்’ என்னும் வகுப்பு இருப்பதாகக் கொள்வோம். தோல்(1.2, 20) என்று இடம் மாற்றி எழுதினாலும், இரண்டும் எண்களே என்பதால் பிழைச் செய்தி வராது, கணக்குத்தான் தவறும். பைத்தானில் தோல்(தடிமன்=1.2, பரப்பு=20) என்று பெயரிட்டு அழைத்தால் வரிசை மாறினாலும் பொருள் மாறாது. பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும்.

ஆனால் இப்பெயர்கள் தாமாக வருவதில்லை. அளவுருக்களின் பெயர்களையும், உள்ளீடு தராதபோது எடுத்துக்கொள்ள வேண்டிய இயல்பு மதிப்புகளையும் சி++ நிரலிலிருந்து பைபைண்ட்11 தானே அறிய இயலாது. பிணைப்பை எழுதுபவரே அவற்றை ‘ஆர்க்’ என்னும் குறிப்பின் மூலம் மீண்டும் தர வேண்டும். சி++ நிரலில் இயல்பு மதிப்பைத் திருத்திவிட்டுப் பிணைப்பில் திருத்த மறந்தால், பைத்தான் பயனருக்குப் பழைய மதிப்பே கிடைக்கும். எனவே இரண்டையும் ஒருசேரத் திருத்த வேண்டும்.