ஐ7 என்றால் போதுமா?

சென்னை ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஐ5-ஆ, ஐ7-ஆ?" என்பதுதான். ஐந்தைவிட ஏழு பெரியது என்ற கணக்கில், பிள்ளையின் படிப்புக்குச் சேர்த்து வைத்த பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது அந்த 7-ஐ அல்ல, அதற்கடுத்துச் சிறுகோடு போட்டு எழுதியிருக்கும் எண்ணை.

இன்டெலின் இரண்டு பிராசஸர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஐ7-7500யூ, மற்றது ஐ5-8250யூ. இவற்றில் கோட்டை அடுத்து வரும் இலக்கம் தலைமுறையைச் சொல்கிறது. முன்னது ஏழாம் தலைமுறை, பின்னது எட்டாம் தலைமுறை. கடைசியில் உள்ள 'யூ', குறைந்த மின்சாரத்தில் ஓடும் ரகம் என்பதற்கான அடையாளம். ஏழாம் தலைமுறை வரை இந்த 'யூ' ரகத்தில் ஐ7-க்கும், பிராசஸருக்குள் வேலை செய்யும் பகுதிகளான கோர்கள் பெரும்பாலும் இரண்டுதான். 2017 ஆகஸ்டில் எட்டாம் தலைமுறை வந்தபோதுதான் ஐ5, ஐ7 இரண்டிலும் அது நான்கானது. அதாவது ஐ5 ஸ்டிக்கர் ஒட்டிய 8250யூ-வில், ஐ7 ஸ்டிக்கர் ஒட்டிய 7500யூ-வைப் போல இரு மடங்கு கோர்கள் உண்டு. பத்துப் பதினைந்து பக்கங்களைத் திறந்து வைத்து, பக்கத்தில் வீடியோ வகுப்பும் ஓடும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 2013-ல் வந்த ஐ7-4600யூ-வும் 'ஐ7 லேப்டாப்' என்ற பெயரில்தான் இன்றும் கைமாறுகிறது.

எட்டாம் தலைமுறைக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. விண்டோஸ் 11-க்குத் தகுதியானவை என்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பட்டியலில், இன்டெலைப் பொறுத்தவரை சில விதிவிலக்குகள் போக, இடம் கிடைத்தது எட்டாம் தலைமுறை முதல்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறை இயந்திரங்களை அலுவலகங்கள் கழித்துக் கட்டுகின்றன. இவற்றைக் குப்பை என்று சொல்ல எனக்கு மனமில்லை. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டால் தட்டச்சுக்கும் இணையத்துக்கும் நிரல் பழகவும் தாராளமாகப் போதும். ஆனால் எட்டாம் தலைமுறை விலையை இதற்குக் கொடுக்கக் கூடாது.

ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். பிராசஸரின் முழுப் பெயரை பயோஸ் திரையிலேயே பாருங்கள். டெல் என்றால் அடிப்பக்கத்தில் ஏழு எழுத்துகள் கொண்ட சர்வீஸ் டேக் இருக்கும். அதை டெல் தளத்தில் போட்டால் எப்போது அனுப்பப்பட்டது, முதலில் என்னென்ன பாகங்களோடு வந்தது என்பது தெரிந்துவிடும். பயோஸில் உள்ள சர்வீஸ் டேக்கும் அடிப்பக்கத்தில் உள்ளதும் ஒத்துப்போகவில்லையா? மதர்போர்டையோ அடிமூடியையோ மாற்றியிருக்கிறார்கள். காரணம் கேளுங்கள்.

ரேமிலும் பெரிய எண் ஏமாற்றும். ஒரு ரேமின் லேபிளில் 'பிசி3எல்-12800' என்றும் இன்னொன்றில் 'பிசி4-2666' என்றும் இருக்கும். பார்வைக்கு 12800 பெரிதாகத் தெரியும். அது நொடிக்கு இத்தனை மெகாபைட் என்ற கணக்கு. எட்டால் வகுத்தால் 1600 வரும். அடுத்ததன் 2666-ஐ அந்த 1600-உடன்தான் ஒப்பிட வேண்டும். முன்னது டிடிஆர்3, பின்னது டிடிஆர்4. லேப்டாப் ரேமில் முன்னதற்கு 204 பின்கள், பின்னதற்கு 260. வெட்டு இருக்கும் இடமும் வேறு என்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. பிறகு ரேம் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர், காலி ஸ்லாட் இருக்கிறதா, அல்லது ரேமைப் போர்டோடு சால்டர் செய்துவிட்டார்களா என்று மூடியைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

டிஸ்க்கின் வயதை அறிய கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதில் 'பவர் ஆன் ஹவர்ஸ்' என்ற வரி, பைக்கின் கிலோமீட்டர் மீட்டரைப் போன்றது. ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் ஓடிய அலுவலக லேப்டாப்பில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மணி நேரம் ஏறியிருக்கும். மூன்று வருடம் ஓடியதாகச் சொல்லும் இயந்திரத்தின் ஹார்ட் டிஸ்க் 25,000 காட்டினால், அது இரவு பகலாக ஓடிய வேறொன்றிலிருந்து வந்ததாக இருக்கலாம். பழைய டிஸ்க் வெறும் பத்து மணி நேரம் காட்டினாலும் நம்பாதீர்கள், மீட்டரைத் திருப்பியிருப்பார்கள். 'ரீஅலொகேட்டட் செக்டார்ஸ்' வரியில் பூஜ்யத்துக்கு மேல் எண் இருந்தால் அந்த டிஸ்க்கை விலையில் சேர்க்கவே வேண்டாம்.

பேட்டரிக்கும் விண்டோஸிலேயே அறிக்கை எடுக்கலாம். தயாரித்தபோது இருந்த கொள்ளளவையும் இப்போது முழு சார்ஜில் நிற்கும் அளவையும் அது அடுத்தடுத்துக் காட்டும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அதைத் தொடவே வேண்டாம்.

பலர் கவனிக்காதது பூட்டு. நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்களைத் தொலைவிலிருந்தே நிர்வகிக்கப் பதிவு செய்து வைத்திருக்கும். அந்தப் பதிவை நீக்காமல் விற்றிருந்தால், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டு இணையத்தில் இணைத்ததும் பழைய நிறுவனத்தின் பெயரோடு லாகின் திரை வந்து நிற்கும். 2018-க்குப் பிந்தைய பெரும்பாலான மேக்புக்குகளில் முந்தைய உரிமையாளரின் ஆக்டிவேஷன் லாக்கும் இப்படித்தான். பயோஸில் பாஸ்வேர்டு போட்டிருந்தாலும் தொல்லைதான். கடையிலேயே ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முகப்புத் திரை வரும்வரை காத்திருங்கள். அரை மணி நேரம் போகலாம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அதன் பிறகு பணத்தைக் கொடுத்து, சீரியல் எண்ணை எழுதிய பில்லை வாங்கிக்கொள்ளுங்கள்.